பாதித் தணிகாசலம் உன் வீட்டில், பாதி என் வீட்டில்

சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போன என் டேனி மச்சானுக்கு,

முதல்ல நல்ல சேதி. உன் பொண்ணு ஷீபாவுக்குக் கல்யாணம். போன ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்சுல முதல் ஓலை, அதான் கல்யாண அறிவிப்பு, வாசிச்சாச்சு. மாப்பிள்ளை யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு நீ யாரை வேண்டாம்னு சொன்னியோ, அதே கூடுவாஞ்சேரி ஆல்வின்தான். கத்தாதே. முழுசா கேட்டுட்டு அப்புறம் கத்து.

ரெண்டாவது சேதி. தணிகாசலத்தைப் பத்தி என் எண்ணத்தை மாத்திக்கிட்டேன். முப்பது வருஷமா நீ தலைகீழா நின்னு தண்ணி குடிச்சும் மாறாதவன், நீ போனப்புறம் மாறியிருக்கேன். சந்தோஷமா? ரொம்ப ஆடாதே. நீ சொன்னதும் பாதிதான் சரி. அதுக்கும் வர்றேன்.

இதை வேற யாராவது படிச்சா, யாருப்பா இந்தத் தணிகாசலம்னு முழிப்பாங்க. அவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடறேன், நீ பொறுத்துக்கோ.

தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல பழைய புத்தகம் விரிச்சு வெச்சிருப்பானே, அவன்கிட்ட வாங்கினோம். அட்டை கிடையாது, முதல் சில பக்கம் கிடையாது. அதனால கதைக்கு என்ன பேரு, எழுதினது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் நமக்குத் தெரியாது. செங்கல் கனத்துக்கு ஒரு நாவல். ரெண்டு பேருக்கும் கிண்டியில ஒரே கம்பெனி, ஒரே செக்‌ஷன், ஒரே ரயில். புத்தகமும் ஒண்ணே ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து படிச்சுப் பாத்தோம். நீ மடமடன்னு பக்கத்தை முடிச்சுட்டு, நான் முடிக்கற வரைக்கும் பெருமூச்சு விட்டுக்கிட்டே இருப்பே. குரோம்பேட்டை தாண்டறதுக்குள்ள எனக்குக் கோவம் வந்துடும்.

ஒரு திங்கக்கிழமை பிளாட்பாரத்துல நிக்கறப்ப பாக்கெட்லேர்ந்து பிளேடு எடுத்தே. "இன்னாடா பண்றே?"ன்னு நான் கேக்கறதுக்குள்ள புத்தகத்தோட முதுகுல வெச்சு, கறிக்கடைக்காரன் மாதிரி ரெண்டா போட்டுட்டே. முதல் பாதி எனக்கு, ரெண்டாம் பாதி உனக்கு. அப்புறம் மாத்திக்கிட்டோம். முடிச்சதும் திரும்பவும் மாத்திக்கிட்டோம். கடைசியில முதல் பாதி கிழக்குத் தாம்பரத்துல என் வீட்டு பீரோ மேல தங்கிடுச்சு, ரெண்டாம் பாதி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேற்குத் தாம்பரத்துல உன் வீட்டு ஷெல்ஃபுல தங்கிடுச்சு. ஒரு புத்தகத்தை இப்படிக் குடித்தனம் பிரிச்சு வெச்சவங்க உலகத்துலயே நாம ரெண்டு பேராத்தான் இருக்கணும்.

கதை இதுதான். ஏகாம்பரம், தணிகாசலம்னு அண்ணன் தம்பி. ஏகாம்பரத்தோட பையன் குமரேசன் அப்பன் பேச்சைக் கேக்காம வீட்டை விட்டுப் போயிடறான். சாகக் கிடக்கற ஏகாம்பரம் தம்பியைக் கூப்பிட்டு, "அவன் எனக்குக் கொள்ளி வெக்கக் கூடாது. என் பொணத்தைத் தொடக் கூடாது. சொல்லிடு"ங்கறார். மறுநாள் போயிடறார். குமரேசன் அலறிக்கிட்டு ஓடி வர்றான். தணிகாசலம் வாயைத் திறக்கலை. கொள்ளிச் சட்டியை எடுத்து அவன் கையிலயே குடுத்துடறார். அந்த இடத்தை முதல் தடவை படிச்சப்ப பல்லாவரம் ஸ்டேஷன்ல நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அதை வெச்சு எத்தனை நாள் ஓட்டினே!

எனக்குத் தணிகாசலம் தெய்வம். செத்தவரோட விஷத்தைத் தான் முழுங்கிக்கிட்டு, உயிரோட இருக்கற பையனைக் காப்பாத்தினவன். உனக்கு அவன் திருடன். "அடுத்தவன் நம்பிக் குடுத்த வார்த்தையை அமுக்கினவன்டா அவன். நகையை அமுக்கினா போலீஸ்ல பிடிப்பாங்க, வார்த்தையை அமுக்கினா உன்ன மாதிரி ஆளு கையெடுத்துக் கும்பிடறான்"னு சொல்வே. எதிர் சீட்டுல அவரைக்காய் ஆய்ஞ்சுக்கிட்டு வந்த அம்மா ஒருநாள் தாங்க முடியாம, "யாருப்பா அந்தத் தணிகாசலம், உங்க ஆபீஸ் மேனேஜரா?"ன்னு கேட்டாங்க. "இல்லம்மா, அவரு எவ்வளவோ தேவலை"ன்னு நீ சொன்னே. பெட்டியே சிரிச்சுது.

அப்புறம் அது நமக்கு ஒரு பேச்சாவே ஆயிடுச்சு. ஆபீஸ்ல யாராவது விஷயத்தை மறைச்சா "தணிகாசலம் வேலை". டிபன் பாக்ஸ்ல வடையை ஒளிச்சு வெச்சாக்கூட "தணிகாசலம் வேலை பாக்கறியா?". நம்ம ரெண்டு பேர் வீட்டுப் பொம்பளைங்களுக்கும் தணிகாசலத்தைக் கண்டாலே எரிச்சல்.

அந்த வார்த்தையைத்தான் மச்சான், நீ ஆஸ்பத்திரியிலயும் சொன்னே.

உன் பொண்டாட்டி எஸ்தர், எனக்குத் தங்கச்சி மாதிரி, கேன்டீனுக்குப் போயிருந்தா. ஷீபா மருந்து வாங்கப் போயிருந்தா. நீ என் மணிக்கட்டைப் பிடிச்சே. உன் கை அப்பவும் உடும்புப் பிடிதான். "ஷீபா அந்தக் கூடுவாஞ்சேரிப் பையன் ஆல்வினைக் கட்டிக்கணும்கறா. நான் பாக்கலாம்னு சொல்லியிருக்கேன். எனக்குச் சம்மதம் இல்லை மச்சான். பள்ளிக்கரணை ஏரியில நின்னு கொக்கு எண்றது ஒரு வேலையா? நாளைக்குக் கான்ட்ராக்ட் முடிஞ்சா என் பொண்ணு என்ன பண்ணுவா? எனக்குச் சம்மதம் இல்லைன்னு அவகிட்ட சொல்லிடு. தணிகாசலம் வேலை பாத்துடாதே." அவ்வளவுதான் சொன்னே. நர்ஸ் வந்துட்டா. அன்னிக்குச் சாயங்காலமே உன்னை ஐசியூவுக்குக் கொண்டுபோனாங்க. அதுக்கப்புறம் உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தையும் வரலை.

ஏன்டா நீயே சொல்லலை? கோழை நீயா, நானா? பொண்ணு முகம் வாடறதைப் பாக்க உனக்குத் தைரியம் இல்லை, அதனால கடுதாசியை என் கையில குடுத்துட்டு நீ ரயில் ஏறிட்டே. உன்மேல எனக்கு அந்தக் கோவம் இன்னும் இருக்கு.

அடக்கம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் ஷீபா வாசல்ல என் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. "ஒரு நிம்மதி மாமா. அப்பாகிட்ட ஆல்வினைப் பத்திச் சொல்லிட்டேன். பாக்கலாம்னாரு. அவரு பாக்கலாம்னா சரின்னுதான அர்த்தம்?" அப்படின்னு கேட்டா. நான் "தண்ணி குடிம்மா"ன்னேன். தணிகாசலம் என் தோள்ல கை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

மாசங்கள் ஓடிச்சு. சொல்லலை. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம். பொண்ணு மேடவாக்கத்துல ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போக ஆரம்பிக்கட்டும், அப்புறம் சொல்லலாம். கிறிஸ்துமஸ் போகட்டும், சொல்லலாம். என் மனசுல அதுக்கு நல்ல பேரு இருந்தது. இது பெருந்தன்மை, இதுதான் மனுஷத்தனம்.

அப்புறம் ஒருநாள் ஷீபா வீட்டுக்கு வந்தா. என் வீட்டுக்காரி கோமதி கையால ரவா தோசை சாப்பிட்டுக்கிட்டே சொன்னா. "மாமா, ரெண்டு வீட்டுலயும் பேசியாச்சு. கல்யாணத்தன்னிக்கு அப்பா இடத்துல நீங்கதான் என் கையைப் பிடிச்சு சர்ச்சுல ஆல்டர் வரைக்கும் கூட்டிட்டு வரணும்." சந்தோஷத்துல அவ தட்டுல இன்னொரு தோசையைப் போட்டேன். அடுத்த வாயிலேயே கேட்டா. "அப்பா உங்ககிட்ட எல்லாம் சொல்வாரே. ஆல்வினைப் பத்தி ஏதாவது சொன்னாரா மாமா?"

"டேட் எப்போம்மா?"ன்னேன். வேற என்ன பண்ண?

அவ போனப்புறம் கோமதிகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். அவ கரண்டியைக் கீழ வெச்சுட்டு, "வாயை மூடிக்கிட்டு இருங்க. போனவரு சொன்னதை இப்பப் போய்ச் சொன்னா அந்தப் பொண்ணு கல்யாணத்தையே நிறுத்திடுவா. அப்பா பேச்சை மீறிட்டோம்னு காலம் பூரா அழுவா. உங்களுக்கு என்ன, பெரிய அரிச்சந்திரன்னு நெனப்பா?"ன்னா. நியாயமாத்தான் இருந்தது. ஷீபாவோட கல்யாணம் என் நாக்கு நுனியில உட்கார்ந்திருந்தது. சொன்னா அது உடையலாம். சொல்லலைன்னா நான் ஒரு பொய்யோட அவ கையைப் பிடிச்சு நடக்கணும். உன் கை பிடிச்ச அதே மணிக்கட்டோட.

இந்த நேரத்துலதான் எஸ்தர் தங்கச்சி கல்யாணத்துக்காக வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சா. ஷெல்ஃபை ஒழிக்கறப்ப ரெண்டாம் பாதி கிடைச்சிருக்கு. "அண்ணா, இந்தச் சனியனை நீங்களே வெச்சுக்குங்க. இதை வெச்சு எத்தனை சண்டை!"ன்னு பையில போட்டுக் குடுத்தா. வீட்டுக்கு வந்து பால்கனியில உட்கார்ந்து எடுத்தேன். முப்பது வருஷத்துல முதல் தடவையா ரெண்டாம் பாதியைத் திரும்பப் படிச்சேன்.

டேனி, எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

முதல் பாதி என்கிட்ட இருந்தது, அதனால நான் அதைத்தான் எடுத்து எடுத்துப் படிச்சேன். கொள்ளிச் சட்டி குடுக்கற இடம் எனக்கு மனப்பாடம். அதுக்கப்புறம் தணிகாசலம் என்ன பண்ணினான்னு நான் மறந்தே போயிட்டேன். வருஷா வருஷம் திவசத்தன்னிக்குக் குமரேசன் வந்து கேக்கறான், "சித்தப்பா, அப்பா கடைசியா என்ன சொன்னாரு?" முதல் வருஷம் தணிகாசலம் "உன்னைத்தான் தேடினாரு"ங்கறார். மறுவருஷம் "உன் பேரைச் சொல்லிக் கண் கலங்கினாரு"ங்கறார். அதுக்கடுத்த வருஷம் "என் புள்ள சிங்கம்டான்னாரு". ஒவ்வொரு வருஷமும் ஒரு நகை கூடுது. கேக்கறதுக்கு முன்னாடியே தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்துக்கறார். அவருக்குன்னு தனியா டம்ளர்ல காபி வருது. ஊரே அவர் வாயைப் பாத்துக்கிட்டு இருக்கு. அந்தப் பக்கத்து ஓரத்துல நீ பென்சிலால அழுத்திக் கோடு போட்டிருக்கே. பேப்பரே கிழிஞ்சிருக்கு.

நான் என்னமோ அவர் ஊமையா இருந்தார்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஊமையா எங்க இருந்தார்? கதை விட்டுக்கிட்டு இருந்திருக்கார். குமரேசன் ஒருநாள் கூட தன் அப்பனோட சண்டை போட முடியலை. இல்லாத ஒரு அப்பனுக்கு மாலை போட்டுக்கிட்டே வயசாகிப் போறான். "எனக்கு எங்க அப்பாவைத் தெரியவே இல்லை போலிருக்கு சித்தப்பா"ன்னு கடைசியில அவன் சொல்ற இடம் இருக்கே, அதைப் படிச்சுட்டுப் புத்தகத்தை மூடிட்டேன். நான் தெய்வம்னு கும்பிட்டவன் ஒரு பையனோட அப்பனைத் திருடிட்டான்.

உடனே ஓடிப் போய்ச் சொல்லிடலை. அதுக்கு முன்னாடி அந்தப் பையனை நானே பாத்துடணும்னு தோணுச்சு. ஆல்வினுக்கு போன் போட்டேன். "நாளைக்குக் காலையில வாங்க அங்கிள், தொப்பி எடுத்துட்டு வாங்க"ன்னான். அவன் பறவைக் கணக்கெடுக்கற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து ஓரமா நின்னோம். ஒரு பக்கம் ஐடி கம்பெனி பஸ் வரிசை, இன்னொரு பக்கம் குப்பை நாத்தம், நடுவுல தண்ணியும் கோரையும். பைனாகுலரை என் கையில குடுத்தான். ஒரு கூட்டம் எண்ண ஆரம்பிச்சேன், பாதியில பறந்துடுச்சு. "ஒரு நூறுன்னு போட்டுக்கோயேன்பா, யாரு வந்து பாக்கப் போறாங்க?"ன்னேன். சிரிச்சான். "இல்ல அங்கிள். பாத்தது மட்டும்தான் எழுதணும்." அதைவிட எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. வேலை நிரந்தரமான்னு கேட்டேன். மழுப்பலை. "இல்ல அங்கிள். மார்ச்சுல முடியுது. அப்புறம் திரும்பக் குடுப்பாங்க, குடுக்காமலும் போகலாம். ஷீபாவுக்குத் தெரியும்"ன்னான். கொக்குதான் எண்றான், ஒத்துக்கறேன். ஆனா கூட்டிச் சொல்றதில்லை, குறைச்சும் சொல்றதில்லை. நம்ம செக்‌ஷன்ல அப்படி ஒருத்தனைக் காட்டு பாப்போம்.

மறுநாள் சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். எஸ்தர் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தா. ஷீபா தனியா உட்கார்ந்து பரிட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தா. சுத்தி வளைக்கலை. "அன்னிக்கு நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்திருக்கேன்மா. உங்கப்பா சொன்னாரு. எனக்குச் சம்மதம் இல்லை, அவகிட்ட சொல்லிடுன்னு சொன்னாரு. கொக்கு எண்றது ஒரு வேலையா, கான்ட்ராக்ட் முடிஞ்சா என்ன பண்ணுவான்னு கேட்டாரு."

சிவப்புப் பேனா அவ கையில அப்படியே நின்னுது. முகத்துல ரத்தமே இல்லை. பேனாவை மூடி வெச்சுட்டுக் கேட்டா. "வேற ஒண்ணும் சொல்லலையா மாமா? கடைசியா... எனக்குன்னு... ஒண்ணுமே சொல்லலையா?"

மச்சான், அந்த நிமிஷத்தை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். நாக்குல வந்துடுச்சு. "ஆனா எங்க இருந்தாலும் என் பொண்ணு நல்லா இருக்கணும்னாரு." இவ்வளவுதான், ஒரே வரி. நீ மனசுல நெனச்சதுதான் அது, எனக்குத் தெரியாதா? சொன்னா அவ முகத்துல உயிர் வந்திருக்கும். தணிகாசலம் முதல் வருஷம் சொன்னது அதே மாதிரி ஒரே வரிதான்.

"இல்லம்மா. அதோட நர்ஸ் வந்துட்டாங்க. அவ்வளவுதான்"ன்னேன்.

அழுதா. அப்பப்பா, அப்படி ஒரு அழுகை. நான் ஒண்ணும் பண்ணலை, பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் போச்சு, கோமதி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டான்னுதான் நெனச்சேன். அப்புறம் பாத்தா, படக்குன்னு எந்திரிச்சா. நேரா ஹால்ல உன் போட்டோ முன்னாடி போய் நின்னா. இடுப்புல கை.

"ஏன்ப்பா, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல மாட்டீங்களா? மாமாவைத் தூது விடறீங்க? பாக்கலாம்னு சொன்னீங்களே, பாத்தீங்களா? ஒரு நாளாவது அவனைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசினீங்களா? நீங்க கம்பெனியில சேர்ந்தப்ப டெம்பரரிதான? அம்மாவோட அப்பா உங்களை வேண்டாம்னு சொன்னப்ப என்ன பண்ணினீங்க, சொல்லுங்க! எனக்குச் சம்பளம் வருது, அவனுக்கு மூளை இருக்கு, நாங்க பாத்துக்கறோம். சம்மதம் இல்லைன்னா இல்லாமப் போங்க. எனக்கு உங்களை அப்பவும் பிடிக்கும், இப்பவும் பிடிக்கும். ஆனா நான் அவனைத்தான் கட்டிக்குவேன்!"

அரை மணி நேரம் வெச்சு வாங்கினாடா உன்னை. அப்படியே உன் குரல், உன் கை ஆட்டல். பக்கத்து வீட்டுக்காரம்மா ஜன்னல்ல எட்டிப் பாத்தாங்க. முடிச்சுட்டு வந்து என் பக்கத்துல தொப்புன்னு உட்கார்ந்தா. மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "ஜெயிச்சுட்டேன் மாமா"ன்னா. நான் "தெரியுது"ன்னேன். "இவரு சம்மதம் சொல்லிட்டுப் போனாருன்னே நெனச்சுக்கிட்டு இருந்திருந்தா, இந்தச் சண்டை எனக்குக் கிடைச்சிருக்காதே"ன்னா. நான் சொல்லித் தரலை மச்சான், குமரேசனைப் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளாவே சொன்னா.

அப்புறம் கேட்டா. "அப்பா சொன்னது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க மாமா?"

"எனக்குப் பரிபூரண சம்மதம்"ன்னேன். உனக்குக் கோவம் வந்தா வரட்டும். உன் வார்த்தையை உன் வார்த்தையாக் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் என் வார்த்தை என்னுது. ரெண்டையும் கலக்கலை.

இப்ப ஓலைக் கூத்தைச் சொல்றேன், சிரிக்கத் தயாரா இரு. முதல் ஓலைக்கு ஷீபா எங்களையும் வரச் சொல்லியிருந்தா. நானும் கோமதியும் மூணாவது பெஞ்சு. பாஸ்டர் ரெண்டு பேர் பேரையும் அப்பா அம்மா பேரோட வாசிச்சாரு. உன் பேரைக் கேட்டதும் எனக்குக் கண்ணு நெறைஞ்சுடுச்சு. அப்புறம் அவரு, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரிஞ்சிருந்தா சொல்லலாம்னு ஏதோ சொல்லி நிறுத்தினாரு. சர்ச்சே கப்சிப். ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

எனக்குப் பதறிடுச்சு. எங்க வீடுகள்ல லக்னப் பத்திரிகை வாசிச்சு "எல்லாருக்கும் சம்மதம்தானே?"ன்னு கேட்டா, சொந்தக்காரங்க அத்தனை பேரும் "சம்மதம், சம்மதம்"னு சொல்லணும். சும்மா இருந்தா அபசகுனம். இவங்க என்னடான்னா கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காங்க. பொண்ணுக்கு அப்பன் இல்லைன்னு இப்படியா? பொங்கிடுச்சு எனக்கு. எந்திரிச்சுட்டேன்.

அந்த இடத்துல எந்திரிச்சா ஆட்சேபணைன்னு அர்த்தமாம்! நான் என்னத்தைக் கண்டேன்? மொத்த சர்ச்சும் திரும்பிப் பாக்குது. எஸ்தர் நெஞ்சுல கை வெச்சுக்கிட்டா. ஆல்வினோட அம்மா கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. கோமதி என் வேட்டியைப் பிடிச்சு இழுக்கறா. பாஸ்டர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "ஏதாவது சொல்லணுமா பிரதர்?"னாரு.

"சம்மதம்ங்க ஐயா!"ன்னேன், கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கற மாதிரி. "நான் பொண்ணுக்குத் தாய்மாமன் முறை. எனக்குப் பரிபூரண சம்மதம்!"

அப்புறம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுது பாரு, உங்க சர்ச் கட்டினதுலேர்ந்து ஓலை வாசிப்புல அப்படி ஒரு சிரிப்பு கேட்டிருக்காது. பாஸ்டரும் சிரிச்சுட்டாரு. "உட்காருங்க பிரதர். சம்மதம் உள்ளவங்க எந்திரிக்க வேண்டாம்"னாரு. கோமதி அன்னிக்குப் பூரா என்கூடப் பேசலை.

வெளியே வந்ததும் ஷீபா ஓடி வந்து என் கையைப் பிடிச்சா. அவ கை சில்லுனு இருந்தது. "மாமா, ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு. அப்பா சொன்னதைச் சபையில சொல்லப் போறீங்கன்னு நெனச்சுட்டேன்." "உன்கிட்ட சொல்லுன்னுதான் உங்கப்பன் சொன்னான். சபைகிட்ட இல்ல"ன்னேன். "அப்பா சார்பா சம்மதம்னு சொல்வீங்களோன்னும் நெனச்சேன்"ன்னா. "அது எப்படிம்மா சொல்வேன், அவன் தரலையே"ன்னேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. அப்புறம் தோள்ல சாய்ஞ்சுக்கிட்டா.

சரி, நீ எங்க தப்புன்னு சொல்றேன்னேன் இல்ல? முதல் பாதியை நீ முப்பது வருஷமாத் தொடவே இல்லை, அதான் உன் வியாதி. கொள்ளிச் சட்டி குடுக்கற இடத்தை நீ இன்னொரு தடவை படிச்சிருக்கணும் மச்சான். ஓடி வந்த பையனை அன்னிக்கு, அந்தச் சுடுகாட்டு வாசல்ல நிறுத்தி, நீ தொடாதேன்னு எவன் சொல்வான்? நீ சொல்வியா? அன்னிக்கு அவர் பண்ணினது சரி. நான் அதை இன்னிக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். அடக்கம் அன்னிக்கு ஷீபாகிட்ட நானும் "தண்ணி குடி"ன்னுதான் சொன்னேன், அதுவும் சரிதான். ஆனா பையன் அழுது முடிச்சு, எந்திரிச்சு, நேருக்கு நேர் நின்னு கேக்கறப்ப சொல்லியிருக்கணும். அங்கதான் ஆளு கோட்டை விட்டுட்டாரு. காபி நல்லா இருந்தது, அதனால விட்டுட்டாரு. அவர் தெய்வமும் இல்லை, திருடனாப் பொறந்தவரும் இல்லை. நல்லவரா ஆரம்பிச்சு, அந்த நல்ல பேரு ருசிச்சுப் போனவர். இதை நீ என்கூட உட்கார்ந்து ஒத்துக்கணும், இல்லைன்னா எதிர்த்துப் பேசணும். ரெண்டுக்கும் நீ இல்லையேடா. சண்டை போட ஆளில்லாம நான் ஜெயிச்சு என்ன பண்ண?

ரெண்டு பாதியையும் சேர்த்து பைண்டிங்குக்குக் குடுத்திருக்கேன். முதுகுல என்ன பேரு போடணும்னு கேட்டான், ஒண்ணும் வேண்டாம்னுட்டேன். ஷீபாவுக்கும் ஆல்வினுக்கும் என் கல்யாணப் பரிசு அதுதான். அவங்க பிளேடு எடுக்காம இருக்கணும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

கல்யாணத்தன்னிக்கு உன் பொண்ணு கையைப் பிடிச்சு நான் நடப்பேன். செருப்பு இல்லாம நடக்கறதா, ஷூ போடணுமான்னு இன்னும் முடிவாகலை, கோமதி ஷூதான்கறா. பொய் எதுவும் இல்லாத கையோட நடப்பேன், அதுக்கு நான் உத்தரவாதம்.

இன்னும் ஒண்ணு இருக்கு, இதுதான் பெரிசு. வருஷா வருஷம் உன் நினைவு நாள் வரும். ஷீபா கேப்பா. நாளைக்கு அவளுக்கு ஒரு குழந்தை பொறந்தா அதுவும் கேக்கும், தாத்தா கடைசியா என்ன சொன்னாருன்னு. எஸ்தர் எனக்குன்னு காபி கொண்டு வருவா. எல்லாரும் என் வாயைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஆசையா இருக்கும் மச்சான், ஒரே ஒரு நல்ல வார்த்தை சேத்துக்க. சேக்க மாட்டேன். நீ சொன்னதை நீ சொன்ன மாதிரியே சொல்வேன், ஒரு சொல் கூட்டாம, ஒரு சொல் குறைக்காம. அதுக்கப்புறம், "இது அவரு சொன்னது. இனிமே சொல்றதெல்லாம் நான் சொல்றது"ன்னு ஆரம்பிச்சு, உன்னைப் பத்தி எத்தனை நல்லது இருக்கோ அத்தனையும் என் வாயால, என் பேர்ல சொல்லிக்கறேன். காபி ஆறினா ஆறட்டும்.

உன் மச்சான்,
ஷீபாவுக்குத் தாய்மாமன்,
மூர்த்தி
கிழக்குத் தாம்பரம்